ஒரே பலகையில் ஒரு நகரம்

மதுரையிலிருந்து கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே சென்றால் விருதுநகரை அடையலாம். முன்பு விருதுபட்டி என வழங்கிய இவ்வூர் 1923-இல் இப்பெயரைப் பெற்றது. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது மாவட்டத் தலைநகராகவும் உயர்ந்தது. சுற்றிலும் மழையை நம்பிய கரிசல் பூமி. எனினும் எண்ணெய், பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி ஆகியவற்றின் வாணிபத்தில் இவ்வூருக்கு நிகர் சிலவே. விருதுநகர்ச் சந்தை விலையை நாளிதழில் பார்த்துவிட்டே கொள்முதல் செய்யும் வணிகர் தென்னாட்டில் பலர்.

எண்ணெய் வாணிபத்தில் பெயர் பெற்ற ஊருக்கு எண்ணெயிலேயே ஒரு தனி உணவும் வாய்த்தது பொருத்தமே. அதுதான் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா.

மாலை மயங்கியதும் கடைகளில் அடுப்பு மூட்டப்படுகிறது. மைதா மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணியால் மூடி ஊறவைத்திருப்பார்கள். புரோட்டா மாஸ்டர் ஓர் உருண்டையை எடுத்துப் பலகையில் தட்டி, காற்றில் வீசி, கண்ணாடிபோல் மெல்லியதாக விரித்து, மடித்துச் சுருட்டி வைப்பார். அடுப்பின்மேல் உள்ள அகன்ற கல்லின் நடுவில் குழிவு இருக்கும். அதில் எண்ணெய் கொதித்து நிற்கும். தட்டிய புரோட்டாவை முதலில் கல்லின் விளிம்பில் வாட்டி, பின்பு நடுவே தள்ளிப் பொன்னிறமாகப் பொரித்தெடுப்பார். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. வாழையிலையில் அதை நொறுக்கிப் போட்டுச் சால்னாவை ஊற்றிச் சற்றே ஊறவிட்டு உண்பதே இவ்வூர் வழக்கம். உடன் சுக்கா வறுவல் இருந்தால் பேச்சே எழாது. "அண்ணே, இங்கே கொஞ்சம் சால்னா!" என்ற குரல் மட்டும் ஓயாமல் ஒலிக்கும்.

தவிடும் நாரும் நீக்கிய மைதாவை எண்ணெயில் பொரித்து உண்பது நாள்தோறும் ஏற்றதன்று. இதைக் குடும்பத் தலைவியர் நன்கு அறிவர். என்றேனும் ஒருநாள் என்ற அளவில் நிற்பதே நலம்.

ஆயினும், சுவையைக் காட்டிலும் நம் கவனத்திற்கு உரியது அங்குள்ள இருக்கை. கூட்டம் மிகுந்த நேரத்தில் தனி மேசை யாருக்கும் இல்லை. மண்டிக் கணக்கர், மூட்டை தூக்குபவர், வழக்கறிஞர், கல்லூரி மாணவர், சிவகாசிப் பட்டாசு ஆலையில் வேலை முடித்து, நகக் கண்ணில் மருந்துத் தூளின் கறை மாறாமல் வந்த தொழிலாளி என யாவரும் ஒரே பலகையில் தோளோடு தோள் உரச அமர்கின்றனர். பக்கத்தில் இருப்பவர் எந்தச் சாதி என்று ஒருவரும் கேட்பதில்லை. மாவு பிசைந்தவர் எக்குலம் என்றும் கேட்பதில்லை.

இது எளிதில் வந்த மாற்றமன்று. இங்கிருந்து 25 கிலோமீட்டர் அளவில் உள்ள சிவகாசியில், 1899-இல், கோயில் நுழைவு உரிமையை ஒட்டிப் பெருங்கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன. நாடெங்கும் உணவு விடுதிகளில் சாதிக்கு ஓர் இடம் என்றும், தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை என்றும் இருந்த நாட்களைப் பெரியவர்கள் கண்டிருக்கின்றனர். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் சட்டம் எழுதப்பட்ட அன்றே பந்தி ஒன்றாகிவிடவில்லை.

1903-இல் இவ்வூரில் பிறந்த காமராசர், இளம் வயதிலேயே பள்ளியை விட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். முதலமைச்சரானபின் 1956-இல் அவர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது மட்டுமன்று. அவர்களை ஒரே வரிசையில் அமர்த்தி உண்ணவும் பழக்கியது. அவ்வரிசையில் கற்ற பாடம் கடைப் பலகையிலும் தொடர்கிறது என்றால் மிகையாகாது.

உலகெங்கும் எளியோர் உணவுக்கு இப்பெருமை உண்டு. வியட்நாம் நாட்டின் ஹனோய் நகரில், அரிசி நூடுல்ஸில் மாட்டெலும்புச் சாற்றை ஊற்றித் தரும் 'ஃபோ' என்னும் உணவைத் தெருவோரச் சிறு முக்காலிகளில் அமர்ந்து பலதரப்பட்டவரும் உண்கின்றனர். முக்காலி அனைவருக்கும் ஒரே உயரந்தான்.

அன்புள்ள குடும்பங்களே, கடைக்காரர் சமத்துவம் பேசுவதில்லை. இடம் காலியானால் அடுத்தவரை அமர்த்துகிறார், அவ்வளவே. ஆனால் காசு கொடுத்து உண்ணும் இடத்தில் விட்டுவிடும் வேற்றுமையை, வீட்டிற்குத் திரும்பியதும் நாம் மீண்டும் எடுத்து அணிந்துகொள்வதில்லையா? வயலில் உழைப்பவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே இல்லை என்று துணிந்து கூற முடியுமா? ஒன்றுகூடி உண்ணும்போது இல்லாதவரைப் புறக்கணித்த கொரிந்து நகரச் சபையைப் புனித பவுல் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனம் நம் திருவிழாப் பந்திகளுக்கும் திருமண விருந்துகளுக்கும் உரியதே.

விருதுநகர் செல்வோர் மாலையில் அப்பலகையில் ஒருமுறை அமர்ந்து பாருங்கள். வீடு திரும்பியபின், அதுபோன்ற ஓர் இருக்கையை நம் வீட்டுக் கூடத்திலும் போடுங்கள்.