கூடைக்கு இடம் உண்டா?

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் அமைந்த குப்பங்களில் ஒன்று எங்களுடையது. ஏரியின் மேல் பாலம் வருமுன் அக்கரைக்குப் போவதென்றால் படகுதான். ஆகவே, எங்கள் சிறு பிராயத்தில் கார் என்பது எப்போதும் அக்கரையில் நிற்கும் பொருளாகவே இருந்தது. திருமணமோ, பிரசவமோ, பெரிய ஆஸ்பத்திரியோ, எதுவானாலும் பொன்னேரியிலிருந்து ஓர் அம்பாசிடர் வாடகைக்கு வரும். படகை விட்டு இறங்கி, சேறு படிந்த கால்களைக் கழுவிக்கொண்டு அதில் ஏறுவோம்.

அந்த அம்பாசிடரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1950-களின் இறுதியில் வங்கத்து உத்தரபாராவில் உருவாகத் தொடங்கி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. பழைய வண்டிகளில் முன்னிருக்கை இரண்டாகப் பிரியாத ஒரே பெஞ்சு. கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் இருந்தமையால் முன்னால் மூவர் தாராளமாக அமரலாம். நாங்கள் நால்வர் அமர்ந்தோம். குளிர்சாதனம் இல்லை, சன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். ஆயினும், முழங்கால் மடங்காத என் ஆயா அதில் ஏறும்போது ஒரு நாளும் முனகியதில்லை. கூரையும் உயரம், இருக்கையும் உயரம். நாற்காலியில் அமர்வது போல் அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொள்வார். காரில் 'சொகுசு' என்றால் என்னவென்று நான் முதன்முதலில் அறிந்தது அப்படித்தான்.

நிற்க. சென்ற ஆண்டு என் தமையனார் கார் வாங்குவது என்று முடிவு செய்தார். பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். விடுமுறைக்கு வரும் நான். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்னேரியில் பிள்ளைகளின் பள்ளி. அங்கேதான் அம்மா முப்பது ஆண்டுகளாக மீன் விற்கிறார். 60 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் அம்மாவின் முழங்காலுக்கு மருத்துவர். இவற்றோடு ஞாயிறு பூசை, உறவினர் வீட்டு நல்லது கெட்டது, மாதத்துக்கு ஒரு முறை மளிகை. இத்தனைக்கும் ஒரே வண்டி. ஆசிரியர் வேலை பார்ப்பவன் என்பதால், எந்தக் கார் ஏற்றது என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அண்ணன் கேட்டது குளிர்சாதனம். அண்ணி கேட்டது, பின்னால் தனியாக மூடிய டிக்கியுள்ள கார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மீன் பெட்டி ஏற்றிய ஆட்டோவில் பள்ளிக்குப் போன மகள், வகுப்பில் ஒரு பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டதைச் சொல்லி அழுதிருக்கிறாள். மறுநாளிலிருந்து அண்ணி சீருடையை இரண்டு முறை அலசத் தொடங்கினார். அம்மா மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. நான் புறப்படும் வேளையில்தான் வாய் திறந்தார். "நான் ஏறணும்னா என் கூடையும் ஏறணும். அதுக்கு எடம் இருக்கான்னு பாத்துட்டு வாடா."

கார் நிறுவனங்கள் டிக்கியின் அளவை லிட்டரில் சொல்கின்றன. தண்ணீர் ஊற்றியா அளப்பார்கள் என்று வாசக அன்பர்கள் எண்ணலாம். பரவலாகக் கையாளப்படும் முறை ஒன்றில், 200 மில்லிமீட்டர் நீளமும் 100 அகலமும் 50 உயரமும் கொண்ட சிறு கட்டைகளை அடுக்குகிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். எத்தனை கட்டை கொள்ளுமோ அத்தனை லிட்டர். சந்து பொந்துகளிலும் கட்டை நுழைந்துவிடும். நம் கூடையும் ஐஸ் பெட்டியும் நுழையுமா என்பதை அந்த எண் சொல்லாது.

அந்த எண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு, 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. 2008-இல் வெளிவந்த ஸ்விஃப்ட் டிசையரின் டிக்கி 440 லிட்டர். 2012-இல் அக்காரை 4 மீட்டருக்குள் அடக்கியபோது வெட்டு விழுந்தது டிக்கியில்தான்: 316 லிட்டர். 2017-இல் 378, 2024-இல் 382 என்று மெல்ல மீண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்தபோதும் அதே 4 மீட்டர்க் கோடுதான். டெல்லியில் போட்ட கோடு எங்கள் மீன் பெட்டியின் மேல் வந்து விழுந்திருக்கிறது! எரிவாயுவில் ஓடும் கார் வாங்கினால், உருளையே டிக்கியின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். எரிபொருள் செலவு குறையும், பெட்டி மடிக்கு வரும்.

ஒரு சனிக்கிழமை, அம்மாவின் கூடை, ஒரு தெர்மாகோல் ஐஸ் பெட்டி, தையற்காரர் நாடா ஆகியவற்றுடன் சென்னையில் கடை கடையாக ஏறினேன். ஒரு கடையின் விற்பனையாளர் கூடையைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார். கழுவி வெயிலில் காயவைத்த கூடைதான். நான் கேட்டதற்கெல்லாம் பதில் கூறினார். ஆனால் டிக்கியை மட்டும் என்னையே திறந்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

டிசையர் போன்ற செடான் வகையில், டிக்கிக்கும் பயணிகளுக்கும் இடையே இருக்கையின் முதுகு சுவர் போல் நிற்கிறது. வாடை உள்ளே வருவது குறைவு. அண்ணி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் டிக்கி உள்ளே விசாலமாயினும் அதன் வாய் குறுகல். பெட்டி நுழைந்தது, கூடையோ சாய்த்தால்தான் நுழைந்தது. சாய்த்தால் ஐஸ் தண்ணீர் எங்கே போகும்? விளிம்பும் உயரம், பளுவான பெட்டியை இடுப்புக்கு மேல் தூக்கி, பிறகு உள்ளே இறக்க வேண்டும். இருக்கை தாழ்வு, முழங்கால் நோயாளி அதில் ஏறி அமர்வதில்லை, விழுகிறார்.

மாருதி ஈகோ வேன் எங்கள் பக்கத்தில் புதியதன்று. 1984-இல் வந்த மாருதி வேனின் வழிவந்தது. தள்ளிச் சாத்தும் கதவு எங்கள் குப்பத்துச் சந்துகளுக்கென்றே செய்தது போலிருக்கிறது. பெட்டி, கூடை, வலை எல்லாம் கேள்வியின்றி ஏறின. ஆனால் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் நெடும்பயணத்தில் சூடு தெரியும். பின்னிருக்கை நிமிர்ந்தே இருக்கிறது. குளிர்காற்று முன்னாலிருந்துதான் வந்து சேர வேண்டும். சரக்குக்குச் சொர்க்கம் அது. அம்மாவின் முதுகுக்குச் சென்னை வரை இரண்டு மணி நேரச் சோதனை.

மூன்றாவதாக மூவரிசை வண்டி. 2019-இல் வந்த ரெனால்ட் டிரைபரும் 4 மீட்டருக்குள்தான். ஏழு பேர் அமர்ந்தால் பின்னால் மிஞ்சுவது 84 லிட்டர், பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்கே போதாது. கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். ஏழு பேருக்கும் சுமைக்கும் ஒருசேர இடம் என்று விளம்பரத்தைப் பார்த்து எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: ஆளா, சுமையா, ஒன்றுதான். எஞ்சின் 999 சி.சி. மட்டுமே, நிறையப் பேர் ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனால் இருக்கை உயரம் என் ஆயாவை நினைவூட்டியது. பின்வரிசைகளுக்கும் தனித்தனிக் குளிர்காற்று உண்டு. குறை என்னவென்றால், இடையே சுவர் இல்லை. பெட்டியும் பயணியும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு திரும்பினேன். எங்கள் கணக்கைப் புரட்டிப் போட்டது காப்பீட்டுப் பத்திரம். சொந்தக் காருக்கான பாலிசியில், பயணியின் உடைமைகளும் மாதிரிப் பொருள்களும் தவிர, சரக்கு ஏற்றும் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறது. மீன் பெட்டியோடு விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்குச் சிக்கல் வரும். கார் வாங்கும் நம் வியாபாரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரிவதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. உப்புநீர் வேறு தரைவிரிப்புக்கு அடியில் இறங்கித் தகட்டை அரிக்கும். ஆக, பெட்டிகள் காருக்கு உரியவை அல்ல. பக்கத்து மூன்று வீடுகளோடு சேர்ந்து ஒரு லோடு ஆட்டோவை மாத வாடகைக்குப் பேசினோம்.

அண்ணிக்கு நிம்மதி. அம்மாவின் முகம்தான் வாடியது. "அப்போ நாத்தம் ஒரு வண்டியில, நீங்க ஒரு வண்டியில" என்றார். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவரை நாற்றம் வருகிறதென்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அச்செய்தியைத் தொலைக்காட்சியில் கண்ட இரவு அம்மா சாப்பிடவில்லை. இப்போது அதே காரியத்தை நாங்களே, காப்பீட்டுப் பத்திரத்தைக் காட்டி, மரியாதையாகச் செய்துவிட்டோமோ என்ற உறுத்தல் எனக்கு ஏற்பட்டது.

மூவரிசை வண்டியையே வாங்கினோம். கடைசி வரிசை இருக்கைகள் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அம்மா லோடு ஆட்டோவில் மீனை அனுப்பிவிட்டு, எப்போதும் போல் பேருந்தில்தான் பொன்னேரி போய்வந்தார். ஆஸ்பத்திரி நாளில் மட்டும் காரில் ஏறினார். முதல் நாள் சென்னையிலிருந்து திரும்புகையில், பொன்னேரிச் சந்தையருகே வண்டியை நிறுத்தச் சொன்னார். முந்தின நாள் தோழியிடம் விட்டிருந்த வெறுங்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, காரின் பின்னால் வந்து நின்றார். நாங்கள் யாரும் பேசவில்லை.

அண்ணிதான் இறங்கினார். பின்கதவைத் தூக்கி, எதற்காகவோ கொண்டுவந்திருந்த பழைய ஓலைப் பாயை விரித்து, கூடையை வாங்கி உள்ளே வைத்தார். சாய்க்கத் தேவைப்படவில்லை. பழவேற்காடு வந்து சேரும்வரை சன்னல்களைத் திறந்தே வைத்திருந்தோம். மகள் தூங்கிவிட்டாள். கூடையிலிருந்து கசிந்த ஈரம் பாயை மட்டும் நனைத்திருந்தது.