அன்பின் கணக்கு

அன்பு என்ற சொல்லுக்குக் குமரி மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. கிறிஸ்தவ வீடுகளில் சுவர்க் காலண்டரில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், ஆட்டோவின் பின்பக்கத்திலும் இருக்கும். கல்யாண ஆராதனையில் கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் வாசிப்பதும் வழக்கம்தான். ஆனால் அதிகம் புழங்கும் நாணயம் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறதே! இன்று அன்பு என்றால் ஏதோ ஒரு மென்மையான உணர்ச்சி, அவ்வளவுதான்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை (லூக்கா 10) இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து ஆசாரியன் விலகிப் போனான், லேவியனும் போனான். யூதர்கள் ஒதுக்கி வைத்த சமாரியன்தான் நின்றான். அவன் மனம் உருகியதை ஒரே சொல்லில் முடித்துவிட்டு, மிச்சம் முழுவதும் செலவுக் கணக்குதான் வருகிறது. எண்ணெய், திராட்சரசம், சொந்த வாகனம், சத்திரக்காரன் கையில் இரண்டு வெள்ளிக்காசு. ஒரு காசு என்பது அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்கு வேறு. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலை! எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்படி ஒரு காசோலையில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர் நெய்யூரில் இருந்தார். பெயர் ஹோவர்ட் சாமர்வெல், இங்கிலாந்துக்காரர், அறுவை மருத்துவர். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். அந்த ஜூன் 7-ஆம் தேதி பனிச்சரிவில் சுமை தூக்கி வந்த ஏழு பேர் இறந்தார்கள். கூடப் போன வெள்ளைக்காரர்கள் மூவரும் தப்பினார்கள், சாமர்வெல்லும் அதில் ஒருவர். தங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்று அவர் பின்னாளில் வருந்தி எழுதினார்.

ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். வாசலில் பெருங்கூட்டம், உள்ளே அறுவைக்கு ஒரே ஒரு மருத்துவர். சுற்றுலா அத்தோடு முடிந்தது. லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு 1923-ல் நெய்யூருக்கே வேலைக்கு வந்துவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்ட், ஏறக்குறைய 8,500 மீட்டர் வரை. பிறகு மறுபடியும் நெய்யூர்.

மலை ஏறினால் பேர் கிடைக்கும். நெய்யூரில் கிடைத்தது வயிற்றுப் புண்! திருவிதாங்கூரில் அந்த நோய் மிக அதிகம். இன்று ஒரு வயிறு, நாளை இன்னொரு வயிறு, வருடக்கணக்காக அதே அறுவை, அதே வரிசை.

அது அன்பா, குற்ற உணர்வுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குற்ற உணர்வு பெரும்பாலும் ஒரு நன்கொடையில் அடங்கிவிடும். சாமர்வெல் ஓய்வு பெற்றது 1961-ல். கடைசி வருடங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில்.

இன்றும் நெய்யூர்ப் பக்கத்து வீடுகளில் ஒரு பாட்டி ஆஸ்பத்திரியில் படுத்தால் போன் மேல் போன் வரும், எல்லாம் அன்பான விசாரிப்புகள். பிறகு யாராவது கேட்பார்கள், "ராத்திரி கூட யாரு நிக்கது?" கூடம் சட்டென்று அமைதியாகிவிடும். ஒருவருக்கு நாளைக்கு ஆபீஸ், ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குப் பரீட்சை. சமையல்கட்டில் மட்டும் மருமகள் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டிருப்பாள்.