தட்டைப்பூச்சியும் தமிழ்க் கட்டுரையும்

கண்ட பொருளைக் கண்டவாறு எழுதுதல் எளிய காரியம் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அலங்காரம் அரிது, விவரணம் எளிது என்பது தமிழ் கற்பிப்போரிடையே வேரூன்றிய கொள்கை. இக்கொள்கையை மறுத்துரைக்க எனக்குத் துணைநிற்பது ஒரு சின்னஞ்சிறு பூச்சி.

உளுத்த மரத்தின் பட்டையைப் பெயர்த்தால், பட்டையின் நிறமே கொண்ட பூச்சிகள் சில அசையாது ஒட்டிக் கிடக்கக் காணலாம். 'அறடிடே' என்னும் குடும்பத்தைச் சேர்ந்த தட்டைப்பூச்சிகள் இவை. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவாயினும் இவை இரத்தம் குடிப்பனவல்ல. பெரும்பாலானவை மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணத்தின் இழைகளை உறிஞ்சி வாழ்கின்றன. ஏறத்தாழ 2,000 இனங்கள் இதுவரை பெயர் பெற்றுள்ளன. புதியனவும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

புதிய இனமொன்றைக் கண்டேன் என்பவன் அதன் உடலை உறுப்புறுப்பாக எழுதியாக வேண்டும். கேசாதிபாதம் பாடிய மரபினர் நாம். இதுவும் ஒரு கேசாதிபாதமே. ஆயின் இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் சாட்சி கேட்கப்படும். தலை நீளத்தில் மிக்கதா, அகலத்தில் மிக்கதா? உணர்கொம்பின் நான்கு கணுக்களும் தனித்தனியே எத்தனை மில்லிமீற்றர்? சிறகில்லாத இனமாயின் நெஞ்சறையின் தகடுகள் எவ்வாறு ஒன்றோடொன்று இணைந்துள்ளன? வயிற்றின் மூச்சுத்துளைகள் அடிப்புறத்தில் உள்ளனவா, மேலிருந்து பார்த்தாலே தெரியுமாறு விளிம்பில் உள்ளனவா? ஆணின் இனப்பெருக்க உறுப்பு எவ்வடிவினது? இவ்வளவும் எழுதிய பின்னரே பெயர்.

வெளித்தோற்றம் ஏமாற்றுவதும் உண்டு. இப்பூச்சியின் அலகு குறுகியது. ஆனால் அதனூடு செல்லும் ஊசிகள் அலகைவிட மிக நீண்டவை. ஓய்வு வேளையில் அவை தலைக்குள்ளே கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்டு கிடக்கின்றன. மரத்தினுள் ஆழப் பரந்த பூஞ்சண இழைகளை எட்டுதற்கு அந்நீளம் வேண்டும். நிறத்தைக் கூறுவதிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க வெப்பக் காடுகளில் வாழும் 'டிசோடியஸ்' என்னும் தட்டைப்பூச்சியின் உடல், மழையில் நனைந்த பட்டை கறுப்பது போலத் தானும் நனைந்து கறுக்கிறது. இதனை விளக்கும் ஆய்வு 1980இல் வெளிவந்தது. ஆகவே, 'கபிலநிறம்' என்று எழுதுமுன் உலர்ந்த உடலா, நனைந்த உடலா என்று கேட்டாக வேண்டும்.

நமது கட்டுரைப் பாடத்திலோ உவமையே முதன்மை பெறுகிறது. உவமை ஒப்புமையைத் தேடுகிறது. பூச்சியை வகைப்படுத்துவோன், மிக நெருங்கிய இனத்தோடு ஒப்பிட்டு வேற்றுமையைத் தேடுகிறான். மலையகப் பாடசாலையொன்றில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வீட்டைப் 'புறாக்கூடு போன்ற லயம்' என்று எழுதியிருந்தாள். நல்ல உவமைதான். ஆயினும், "உவமையின்றி ஒருமுறை எழுதி வா, மகளே" என்றேன். மறுநாள் அவள் எழுதி வந்தது இது: அறை பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், கதவு ஒன்று, சன்னல் இல்லை, படுப்பவர் ஏழுபேர், கூரைத் தகரத்தில் ஓட்டைகள் பதினான்கு, அவற்றில் அடைக்கப்பட்டவை ஒன்பது. அவள் வாசித்து முடித்தபோது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. புறாக்கூட்டிற்காக இரங்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். அடைபடாத ஐந்து ஓட்டைகளுக்கோ எவரேனும் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்நாட்டுப் பூச்சிகளை விவரித்தவர் யார் என்பதும் சிந்திக்கத் தக்கது. இலங்கையையும் உள்ளடக்கிய 'பிரித்தானிய இந்தியாவின் விலங்கினம்' என்னும் வரிசையில் இப்பெரும் பூச்சிக் கூட்டத்தைப் பற்றிய ஏழு தொகுதிகளை, 1902 முதல் 1918 வரை டிஸ்டன்ற் என்னும் ஆங்கிலேயர் எழுதினார். இங்கிருந்து அவருக்குக் கிடைத்த பூச்சிகளிற் பல, பூண்டுலோயாவிலும் பேராதனையிலும் கிறீன் என்பவர் சேகரித்தவை. இருவரும் அயராத உழைப்பாளிகள். அவர்களின் நுட்பத்தைக் குறைகூற நான் முற்படவில்லை. 1959இல் யூசிங்கரும் மற்சூடாவும் இக்குடும்பம் முழுவதையும் வகுத்தெழுதிய பெருநூலை வெளியிட்டதும் இலண்டன் அரும்பொருட்சாலையே. பூச்சியைக் குத்திய ஊசியில் ஊரின் பெயரும் சேகரித்தவர் பெயரும் எழுதிய சிறு சீட்டு இருக்கும். உளுத்த கட்டையை உருட்டித் தந்த கை எவருடையது என்பதை எழுத அச்சீட்டில் இடமில்லை. விவரிப்பவன் கையிலேயே பெயரும் தங்குகிறது.

இதனை மாற்ற முடியாதென்று கருதவேண்டியதில்லை. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகள், பெயர் இலத்தீன் எழுத்தில் அமைய வேண்டும் என்கின்றன. விவரணத்தை இன்ன மொழியில்தான் எழுதவேண்டுமென்று கட்டாயப்படுத்தவில்லை. பரவலாக வழங்கும் மொழி நன்று என்ற பரிந்துரை மட்டுமே உண்டு. தமிழில் எழுதிய விவரணமும் விதிப்படி செல்லும். தடையாக நிற்பது விதியன்று, நமது பழக்கம்.

ஆதலால் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே மேசையில் அமர வேண்டும். பாடசாலை வளவில் விழுந்து கிடக்கும் ஒரு மரக்கட்டை, கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஓர் அளவுகோல்: தொடங்குவதற்கு இவை போதும். பட்டைக்கடியிலுள்ள பூச்சியை உள்ளவாறு எழுதப் பழகிய பிள்ளை, சம்பளச் சீட்டையும் வைத்தியசாலையின் வரிசையையும் உள்ளவாறு எழுதும்.