‘வேண்டுமென்றே’ என்னும் சொல்

ஒரு சொல்லின் பொருளில் ஒருவரது பிழைப்பு தங்கியிருப்பது சட்ட உலகில் அரிதன்று. அமெரிக்காவில் துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற வணிகருக்கு அச்சொல் ‘வில்ஃபுல்லி’. அதைத் தமிழில் ‘வேண்டுமென்றே’ எனலாம். ‘அறிந்தே’ எனவும் கூறலாம். இரண்டும் ஒன்றல்ல. வழக்கு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமத்தையும் பதிவேட்டையும் வணிகருக்குக் கட்டாயமாக்கியது. நீதிமன்ற ஆணையின்றியே கடையை ஆய்வு செய்யலாம் என்பதை 1972-இல் பிஸ்வெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு வரம்புகளை விதித்தது: வழக்கமான ஆய்வு 12 மாதங்களுக்கு ஒரு முறைதான், மீறல் வேண்டுமென்றே செய்யப்பட்டிருந்தால்தான் உரிமம் பறிக்கப்படும்.

2021 ஜூனில் பைடன் அரசு அறிவித்த ‘ஜீரோ டாலரன்ஸ்’ கொள்கை அச்சொல்லை நீக்கவில்லை. அதன் எல்லையை விரித்தது. பின்னணிச் சரிபார்ப்பைச் செய்யாமை, பதிவில் பொய் எழுதுதல் போன்ற ஐந்து மீறல்களுள் ஒன்று ஒருமுறை நிகழ்ந்து, அது வேண்டுமென்றே செய்யப்பட்டதாகக் கருதப்பட்டாலே, அசாதாரணச் சூழல் இருந்தாலன்றி, உரிமத்தைப் பறிக்கும் நடவடிக்கை தொடங்கும்.

பின்னணிச் சரிபார்ப்பு 30 நாள்களுக்கே செல்லும். நாள் கணக்கில் தவறி 31-ஆம் நாளில் துப்பாக்கியைக் கைமாற்றிய ஒரு வணிகரை எண்ணிப் பார்க்கலாம். வாங்கியவர் மீது எக்குற்றமும் இல்லை. ஆயினும் ஏட்டில் அது ‘சரிபார்ப்பின்றிக் கைமாற்றியது’ ஆகிறது. முந்தைய ஆய்வின்போது ‘விதிகளை அறிந்துகொண்டேன்’ என்று அவர் இட்ட கையெழுத்தே இப்போது அவரது நோக்கத்துக்குச் சான்றாக நிறுத்தப்படுகிறது. விதியை அறிந்தவர் தவறினால் அது வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது இவ்வாதத்தின் உள்ளுறை. இலக்கணம் கற்றவரின் ஒவ்வோர் ஒற்றுப்பிழையும் திட்டமிட்டது என்று கூறுவதற்கு இது நிகர்.

எதிர்த்தரப்பின் கவலை எளிதில் தள்ளத்தக்கதன்று. பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால் ஒரு கொலையின் தடம் அறுந்துபோகக்கூடும். ஆனால் அக்கவலையே வேறொரு வழியைக் காட்டுகிறது. தடமறியப்பட்ட துப்பாக்கிகளில் 57 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அப்போதிருந்த வணிகர்களுள் 1.2 விழுக்காட்டினரிடமே சென்று முடிந்தன என்று ஆய்வுத்துறையே 2000-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அதிகம் விற்பவரிடம் அதிகத் தடங்கள் சேர்வது இயல்புதான். எனினும் எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதை அவ்வெண் சொல்கிறது. எல்லாக் கடைகளையும் ஆண்டுதோறும் பார்க்கப் போதிய ஆய்வாளர்கள் அத்துறையில் இல்லை. நாளெண்ணிக்கைப் பிழையின் பின்னே செலவாகும் ஒவ்வொரு மணிநேரமும் கள்ளச்சந்தைக்குக் கிடைத்த சலுகையாகும்.

லைசென்ஸ்-பர்மிட் ராஜ் என்று ராஜாஜி சாடிய ஆட்சிமுறையின் நினைவுள்ள நாட்டில் இது புதிய பாடமன்று. விதி இறுகும்போது முதலில் அகப்படுபவர் ஏட்டைத் திறந்து வைத்திருப்பவரே. ஏடே இல்லாதவரின் வாசலுக்கு ஆய்வாளர் செல்வதில்லை.

2025 ஏப்ரலில் அக்கொள்கை கைவிடப்பட்டது. அது நிர்வாக முடிவு மட்டுமே. அடுத்த அரசு மற்றொரு சுற்றறிக்கையால் அதை மீட்கலாம். ‘வேண்டுமென்றே’ என்பதன் பொருள் ஆட்சிக்கு ஆட்சி மாறும் வரை எந்த வணிகரும் தாம் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறோமா என்பதை உறுதியாக அறிய இயலாது. அப்பொருளை வரையறுக்கும் கடமை நாடாளுமன்றத்துக்கு உரியது. ஆய்வாளரின் குறிப்பேட்டுக்கு உரியதன்று.