சீதா எலியவில் ஒரு சனிக்கிழமை

"சனம் என்ன சொல்லும் அக்கா?"

நுவரெலியாவுக்குப் போய் வருவோம் என்று நாம் கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து தோழி ஒருத்தி திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. அவளது கணவர் 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அதன் பின்னர் எந்தத் தகவலும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகத் தொடங்கிய போராட்டத்தில், அவளும் முறை வைத்துக் கொட்டகையில் இருந்து வந்தாள்.

"அங்கை அம்மாமார் வெயிலுக்கை இருக்க, நான் ஊர் பார்க்கப் போறதே?" என்றாள்.

கடைசியில் அவளை அனுப்பி வைத்தது கொட்டகையில் இருந்த வயதான தாய் ஒருவர்தான். "போட்டு வா பிள்ளை. நாங்கள் இருக்கிறம்தானே."

நாம் ஐந்து பேர். தையல் தொழில் செய்யும் இருவர், ஒரு முன்பள்ளி ஆசிரியை, இந்தத் தோழி, நான். வேலை நிமித்தம் அறிமுகமாகிப் பின்னர் தோழிகளானவர்கள். பத்து மாதம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். 2018 பெப்ரவரி மாதத்தின் கடைசி வெள்ளி இரவு புறப்பட்டு, கண்டியைத் தாண்டி, கம்பளை, புசல்லாவ வழியாக விடியும் நேரம் றம்பொடையை அடைந்தோம்.

வானை விட்டு இறங்கியதும் குளிர் முகத்தில் அடித்தது. பனிமூட்டம் விலக விலக, 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் றம்பொட நீர்வீழ்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. சின்மயா மிஷனின் ஆஞ்சநேயர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கட்டிக் கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் வீதியோரத்தில் இருந்து சாப்பிட்டோம். விறைத்த கையால் பிட்டுச் சாப்பிட்ட அந்த இடியப்பத்தின் ருசி இன்னும் நாவில் இருக்கிறது.

மேலே ஏறும் வழியெல்லாம் தேயிலை. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பயிரிட்டதிலிருந்து இம்மலைகளின் முகமே மாறியது. அழகான பச்சைக் கம்பளம் என்று நாம் வியக்கும் அத்தனையும் பெண்களின் விரல்கள் கிள்ளிக் கிள்ளி மட்டப்படுத்தியவை. ஓரிடத்தில் இறங்கியபோது கொழுந்துக் கூடையுடன் நின்ற அம்மா ஒருவர், "எங்கயிருந்து வர்றீங்கம்மா?" என்று கேட்டார். கிளிநொச்சி என்றதும் அவரது முகம் மலர்ந்தது. "எங்க சித்தப்பா குடும்பம் எழுபத்தேழு கலவரத்துல அங்கதான் போச்சு."

எமது முன்பள்ளி ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. அவளது தாயாரும் 1977 வன்செயலில் மலையகத்தை விட்டு வந்து பாரதிபுரத்தில் குடியேறியவர். தாய் பிறந்த மலைகளை அன்றுதான் அவள் முதன்முதலாகப் பார்க்கிறாள். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம் அது. அடி தாங்காமல் வன்னிக்கு வந்தவர்கள் அங்கும் போரில் அகப்பட்டார்கள்.

"பதினெட்டுக் கிலோ எடுத்தாத்தான் முழுப் பேரு. இல்லாட்டி அரைப் பேருதான்" என்றார் அந்த அம்மா. அப்போது அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. 1000 ரூபா கேட்டுக் கொண்டிருந்தார்கள். 2021 இல்தான் அது கிடைத்தது. நாம் கொண்டு போன புழுக்கொடியலிலும் பனங்கட்டியிலும் கொஞ்சம் கொடுத்தோம். தன் போத்தலிலிருந்து சாயத் தண்ணீர் வார்த்துத் தந்தார். பனங்கட்டியைக் கடித்துக் கொண்டு அதைக் குடித்தோம். எங்கள் வீட்டுப் பனையும் அவர் பறித்த கொழுந்தும் ஒரே வாய்க்குள் சேர்ந்தன.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. 1873 இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியைச் சுற்றி நடந்துவிட்டு மதியம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சோறு, பருப்பு, லீக்ஸ், கரட் சம்பல், பொரித்த அப்பளம். சாப்பாடு வந்ததும் எம்மில் ஒருத்தி எழுந்து மற்றவர்களுக்குப் போடத் தொடங்கிவிட்டாள்! "நீங்க இருங்க அக்கா, நாங்க போடுறோம்" என்று கடைப் பையன் கரண்டியை வாங்கியபோது எல்லோரும் சிரித்துவிட்டோம். "ஆம்பிளையள் இல்லாமல் கடையிலை இருந்து சாப்பிடுறது இதுதான் முதல்தரம்" என்றாள் அவள், சிரிப்பு அடங்கிய பிறகு.

அங்கிருந்து வெலிமட வீதியில் ஹக்கல பூங்காவுக்குப் போனோம். மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென 1861 இல் தொடங்கப்பட்ட தோட்டம் இது. வன்னிக் காட்டில் மலேரியாவால் நடுங்கிக் கிடந்த எமக்கு, ரோசாப் பூக்களை விட இச்செய்திதான் மனதில் நின்றது.

திரும்பும் வழியில் சீதா எலிய. சீதை சிறையிருந்த அசோகவனம் இதுவென்பது ஐதீகம். கோயிலின் பக்கத்தால் ஓடும் ஆற்றங்கரைப் பாறையில் உள்ள குழிகளை அனுமனின் பாதச் சுவடுகள் என்று காட்டுகிறார்கள். காலையிலிருந்து அதிகம் பேசாத எமது தோழி அந்தத் தண்ணீருக்குள் காலை விட்டபடி நெடுநேரம் இருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"சீதையைத் தேடி ஒருத்தர் கடல் தாண்டி வந்தார் அக்கா. எங்கட கதையிலை நாங்கள்தான் தேடுறம்" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதற்கு எனக்குச் சொற்கள் கற்றுத் தந்திருந்தார்கள். அந்த இடத்தில் அவை எதுவும் உதவவில்லை. சற்று நேரத்தில் அவளே தண்ணீரை அள்ளி என் மேல் எறிந்தாள். அந்தக் குளிரில் நான் போட்ட சத்தத்துக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தோழிகளே, கணவரை இழந்தவள், கணவரைத் தேடுபவள் சிரித்தால் அவளது துயரம் பொய் என்று எமது சமூகம் எண்ணுகிறது. நாமும் அதை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறோம். ஒரு நாள் மலையைப் பார்த்ததால் யாரும் யாரையும் மறந்துவிடுவதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து மாதம் சிறு தொகை ஒதுக்குங்கள். ஒரு கம்பளிச் சட்டை, கட்டிய சாப்பாடு, நம்பிக்கையான வான்காரர் போதும். போய் வாருங்கள்.

புறப்படும்போது வீதியோரக் கடையொன்றில் அவள் லீக்ஸ், கரட், கோவா என்று ஒரு பை நிறைய வாங்கினாள். "இவ்வளவும் ஆருக்கு?" என்று கேட்டோம்.

"கொட்டகைக்கு. நாளைக்கு என்ரை முறை" என்றாள்.