எமது பந்தயக் கார்

விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலராசிரியர் எம்மைக் கேட்டிருந்தார். மாணவருக்குப் பயன்படுவதாயிருப்பின் நன்று என்று ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார். விடுதியில் இருந்த காலத்தில் கட்டுரைப் பாடத்தில் நாம் பெற்ற புள்ளிகளை அவர் அறியார் போலும். பயன் உண்டோ இல்லையோ, ஐம்பது வயதைக் கடந்தபின் நாம் செய்த காரியம் ஒன்றை இங்கு எழுதத் துணிந்தோம். 1975ஆம் ஆண்டு ஜப்பானிற் செய்யப்பட்ட டொயோட்டா செலிக்கா என்னும் காரை வாங்கி, அதிலேயே நாள்தோறும் தொழிலுக்குப் போய்வருகின்றோம் என்பதே அது.

எமது வீடு தலவாக்கலையில், தொழில் நுவரெலியாவில். வீதிவழித் தூரம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஏற்றமோ ஏறத்தாழ 650 மீற்றர். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் எமது பழைய கார் உயிர்விட்டது. பத்தாண்டு ஓடித் தேய்ந்த சிறிய கார்கள், புதிதாய் வந்தபோது விற்ற விலையைத் தாண்டி நின்றன. அவ்விலைக்கு ஒரு செலிக்காவே கிடைக்கும் என்று எம் மனைவியாரிடம் கணக்குக் காட்டினோம். கணக்குச் சரியானது. ஆனால் காரணம் அதுவன்று.

நுவரெலியா நகருக்கு அண்மையிலே மாகஸ்தோட்டை என்னும் தேயிலைத் தோட்டம் உண்டு. 1934இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப்பந்தயம் நடைபெறும் இடம் அது. எம் தந்தையாரும் தாயாரும் உழைத்தது அந்தப் பக்கத்து மலைகளிலேதான். சித்திரை வசந்தகாலத்தில் ஒருநாள் தோட்டத்து வீதியை மறித்துவிடுவார்கள். லயத்துப் பிள்ளைகளாகிய நாம் மேட்டிலேறிக் குந்தியிருப்போம். கொழுந்துச் செடியை மிதித்தால் கங்காணியார் அதட்டுவார். கீழே துரைமாரும் கொழும்புச் சீமான்களும் ஒருவர்பின் ஒருவராக வளைவுகளில் சீறி ஏறுவர். அங்கே ஓர் ஆண்டு மஞ்சள் நிறச் செலிக்கா ஒன்று, பின்புறம் ஒருபக்கமாய் வழுக்க, எமக்கு நேர்கீழே திரும்பிற்று. பெற்றோல் மணமும் புழுதியும் எம் முகத்தில் அடித்தன. தந்தையார் எம் தோளைத் தொட்டு, "பார்த்தது போதும், வா" என்றார். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே நாற்பது ஆண்டுகள் எம்முள் கிடந்தது.

வாங்கியபின்னரே படிக்கத் தொடங்கினோம். (மாணவர்கள் இவ்வொழுங்கைப் பின்பற்றாதிருப்பாராக.) செலிக்கா ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1970இன் இறுதியில். எமது வண்டியின் எஞ்சின் 1,588 கன சென்ரிமீற்றர். முதல் தலைமுறைச் செலிக்காவுக்கு ஜப்பானியர் இட்ட செல்லப்பெயர் 'தாருமா'. முன்பம்பரின் வளைவு, தாருமா என்னும் உருண்டைப் பொம்மையின் முகத்தை ஒத்திருக்கின்றதாம். அப்பொம்மை வேறு யாருமல்லர். காஞ்சியிலிருந்து சீனஞ் சென்றவர் என மரபு கூறும் போதிதருமரே. தியானத்தில் உறக்கம் வந்து கெடுத்ததென அவர் தம் கண்ணிமைகளை அறுத்தெறிந்தார் என்றும், அவை விழுந்த நிலத்திலே தேயிலை முளைத்தது என்றும் ஒரு பழங்கதை உண்டு. தேயிலை மலையில் ஓடுதற்கு இதனினும் பொருத்தமான வண்டி ஏது என்று பூரித்துப்போய், நாற்பதாண்டு கொழுந்து கொய்த எம் தாயாரிடம் அதனைச் சொன்னோம். அவர் சற்று யோசித்து, "அந்தச் சாமி கண்ணை அறுத்துப் போட்டதுக்கா தம்பி, நாங்க விடியக்காலையில எந்திரிச்சு மலைக்குப் போனோம்?" என்று கேட்டார். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

விற்றவர் பெயரை எழுதமாட்டோம். கம்பளத்தின் கீழே தகரம் இருக்கவேண்டிய இடத்தில் பசையும் பெயின்ற்றும் இருந்தன. முதல் மழைக்கே எம் வலது சப்பாத்து நனைந்தது. தரைத்தகட்டை வெட்டி ஒட்டுதற்கு ஆறு கிழமைகள் சென்றன. உதிரிப்பாகங்களுக்காகக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு எத்தனை முறை இறங்கினோம் என்பதை மனைவியார் மட்டும் எண்ணி வைத்திருக்கின்றார்.

அடுத்தது மூச்சுத்திணறல். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தது. அங்கே காற்று ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மெலிந்தது. இக்காலத்துக் கார்கள் அதனைத் தாமே உணர்ந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். காபுரேற்றர் உள்ள பழைய வண்டிக்கு அவ்வறிவு இல்லை. தாழ்நிலத்துக்கு அளந்த பெற்றோலையே மேலும் விட்டுக்கொண்டிருக்கும். கரும்புகை வரும், இழுவை குன்றும். ஹற்றனில் உள்ள பாஸ் ஒருவர் உள்ளிருந்த சிறு பித்தளைத் துளைகளைக் கழற்றி, அவற்றினும் நுண்ணியவற்றை மாட்டினார். அன்று முதல் ஏற்றத்தில் அதன் குரலே மாறிவிட்டது. அக்குரலைக் கேட்பதற்காகவே சில காலைகளில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குளிரிலே போகின்றோம்.

இலக்கத்தகட்டைப் பற்றியும் ஒரு சொல். அதில் பழைய சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கின்றது. 1957இல் அவ்வெழுத்து வாகனங்களில் ஏறியபோது தமிழர் எதிர்த்தனர். 1958இல் தார் பூசியும் பூசப்பட்டும் நாடு பட்ட பாட்டை முதிய பழைய மாணவர்கள் மறந்திரார். இன்று இளைஞர் எமது வண்டியை மறித்து, "சேர், ஒறிஜினல் ஸ்ரீ நம்பரா?" என்று ஆசையோடு கேட்கின்றனர். ஆம் என்கின்றோம்.

2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தது. கியூ.ஆர். அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எமது வண்டி லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர் தரும். மூன்று நாட்கள் போய்வரலாம், மிஞ்சிய இரு நாட்களும் பஸ்ஸில் நின்றோம். இது பெரிய துன்பமன்று.

துன்பம் 2023 ஜனவரி 20ஆம் திகதி வந்தது. நானுஓயாவை அடுத்த ரதெல்லை இறக்கத்தில் பேருந்து ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி எழுவர் மாண்டனர். நாம் நன்கறிந்த வீதி. அன்றிரவு மனைவியார் எம்மோடு சண்டை பிடிக்கவில்லை. சோறு போட்டபின் அருகே அமர்ந்து, "அந்தக் காரில் காற்றுப்பை உண்டா?" என்று கேட்டார். இல்லை. "வழுக்காமல் நிறுத்தும் பிரேக்?" இல்லை. "பிள்ளைகளை ஏற்றுவீர்களா?" நாம் விடை கூறவில்லை. ஒரு கிழமை காரைத் தொடவேயில்லை. பின்னர் பிரேக் குழாய்கள், சிலிண்டர்கள், வார்ப்பட்டிகள் அனைத்தையும் மாற்றினோம். அக்கணக்கையும் அவரிடம் காட்டினோம். அவர் அதைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் இன்றும் அதில் ஏறுவதில்லை. இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வருகின்றோம். பின்னால் வருவோர் ஹோர்ன் அடித்துத் திட்டுகின்றனர். பந்தயக் காரை இப்படி ஓட்டுபவன் இம்மலைநாட்டில் வேறொருவன் இரான். இது அறிவுடைமையா என்று கேட்கும் அன்பர்க்கு, அன்று என்றே கூறுவோம். விற்கவும் எம்மால் இயலவில்லை.

தாயார் நெடுங்காலம் அதில் ஏற மறுத்தார். துரைமார் கார் என்பார். சென்ற சித்திரையில், கண் சிகிச்சைக்குப் பின் அவரை வீட்டுக்கு அழைத்துவர வேறு வாகனம் அகப்படவில்லை. குனிந்து, எம் கையைப் பிடித்து, உள்ளே இறங்கி அமர்ந்தார். "இவ்வளவு கீழ ஒக்காந்தா ரோட்டு தெரியுமா தம்பி?" என்றார். மாகஸ்தோட்டை வளைவுகளில் ஏறத் தொடங்கினோம். எந்த வளைவு என்று எமக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை. அதற்கு முன்பே அவர் எம் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். கொழுந்து நிறுக்கும் வேளை. சாக்கு மூட்டைகளோடு பெண்கள் வீதியைக் கடந்துகொண்டிருந்தனர். எஞ்சினை அணைத்தோம். ஒருத்தி குனிந்து உள்ளே பார்த்து, "ஆத்தாடி, நம்ம அக்கா!" என்று கூவினாள். மூட்டைகளை வீதியோரத்தில் இறக்கிவிட்டு அனைவரும் வந்து சூழ்ந்துகொண்டனர். தாயார் கண்ணாடியை இறக்கத் தெரியாமல் தவித்தார். நாம் எட்டிச் சுழற்றி இறக்கிவிட்டோம்.