அடுப்படியில் கற்ற வரலாறு

பாரம்பரிய உணவு என்றதும் ஊர், வயல், அறுவடை என்று பெருமையோடு பேசுவோர் உண்டு. சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லாத மக்களின் பாரம்பரிய உணவு எது? இக்கேள்விக்கு விடையை நான் கற்றது மஸ்கெலியாத் தோட்டமொன்றின் லயத்து அடுப்படியில், என் அப்பாயியிடம்.

காலையில் மலைக்குப் போகும் அம்மா, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே ஆண்பிள்ளையாயினும் ஒன்பது வயதில் நான் மாப் பிசையக் கற்றேன். "தண்ணிய ஒரேயடியா ஊத்தாத தம்பி; மாவு கேக்குறப்ப குடு" என்பார் அப்பாயி. கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு, இவ்வளவே. விரல் பருமனில் தட்டி, காய்ந்த கல்லில் மெல்லிய தீயில் வேகவிட வேண்டும். தொட்டுக்கொள்ள, அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பல்.

ரொட்டி ஏன் அத்தனை தடிப்பு? மலைச்சரிவில் நிற்பவளின் பசியை அது நெடுநேரம் தாங்க வேண்டும். உழைப்பின் நேரமே உணவின் அளவை வகுத்தது.

1820களில் தொடங்கிக் கோப்பிக்காகவும், 1867க்குப் பின் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் கம்பும் கேழ்வரகும் உண்டவர்கள். கோதுமை இலங்கையில் விளைவதில்லை. இக்குளிர்மலையில் தென்னையும் இல்லை. தோட்டத்தில் கிடைத்த மாவையும் கீழ்நாட்டுத் தேங்காயையும் கொண்டு அவர்கள் ஆக்கிக்கொண்ட உணவு இது. ஆக்கிய பெண்களின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் அந்த மாவும் அரிதாயிற்று. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அவித்த மரவள்ளிக் கிழங்கை மசித்து மாவோடு சேர்க்க அப்பாயி அப்போது கற்பித்தார். முதல் ரொட்டி கொழுந்தெடுப்பவளுக்கு, கடைசி ரொட்டி சுட்டவருக்கு என்பது அவர் வகுத்த முறை. பல இரவுகளில் அந்தக் கடைசி ரொட்டி சுடப்படவே இல்லை.

பஞ்சத்தின் பின்னாலேயே பிரிவும் வந்தது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியிருந்தது. எண்களை முடிவு செய்தவர்கள் அம்மக்களைக் கேட்கவில்லை. அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் பிளந்தது. ரொட்டிக்கல்லை எங்களிடம் விட்டுவிட்டு, அப்பாயி சித்தப்பா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினார்.

ஆசிரியத் தோழர்களே, பாட்டியின் கைமணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவரிடம் சொல்லும்போது, இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: அந்த மா எங்கிருந்து வந்தது? எல்லோருக்கும் சுட்டுப்போட்டவர் எப்போது உண்டார்?